உரியவர் இல்லையெனில் அழித்துவிடவும்

அப்பா விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாடிப்படியின் கடைசி இரண்டு படிகளை ஒரே படியாக நினைத்துவிட்டார், அவ்வளவுதான். முழங்கையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிராய்ப்பு.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மூத்த பிள்ளையான அண்ணனுக்குப் போன் செய்தபோது இரண்டு படி ஆறு படியாயிற்று. அண்ணன் அக்காவிடம் சொன்னபோது முழு மாடியே ஆயிற்று. அக்கா கடைக்குட்டியான சின்னவளிடம் சொல்லி முடித்தபோது அப்பா ஏறக்குறைய விமானத்திலிருந்து விழுந்திருந்தார்.

அதற்குப் பிறகு மெயில் யுத்தம். அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருக்கிறார். இனி இருக்கக் கூடாது என்பதில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒற்றுமை. யார் வீட்டுக்கு என்பதில்தான் குடுமிப்பிடி. கடைசியில் திங்கட்கிழமை அண்ணன் தீர்ப்பெழுதினான்.

"அப்பாவின் வீட்டைப் பூட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவரை என் வீட்டுக்கு அழைத்து வருகிறேன். ஆட்சேபணை இருந்தால் வியாழன் மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கவும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்."

அண்ணன் ஒரு சிமென்ட் கம்பெனியில் நிர்வாக மேலாளர். வீட்டில் உப்புத் தீர்ந்தால்கூடச் சுற்றறிக்கை விடுகிற ஆள். கூடப் பிறந்த தங்கைகளுக்கு எழுதும் மெயிலின் அடியிலும் பெயர், பதவி, மூன்று தொலைபேசி எண், அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை: "இம்மின்னஞ்சல் இரகசியமானது. நீங்கள் உரியவர் இல்லையெனில் உடனே அழித்துவிடவும்."

இன்று வியாழன். காலை மணி பத்து இருபது.

சின்னவள் தன் மேஜையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்தபடி பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஆனாலும் வீட்டில் அவள் சின்னவள்தான். எண்பதானாலும் அந்தப் பதவி பறிபோகாது. மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் செய்யும் கம்பெனியில் புகார்ப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. இடது கண் லென்ஸை வலது கண்ணில் மாட்டிக்கொண்டு உலகமே சாய்ந்துவிட்டது என்று கொதிப்பவர்களுக்கெல்லாம் அவள் பதில் எழுதுவாள். அந்தப் பதிலைப் படித்த ஒருவர், புகார் கொடுத்ததற்காக மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மெயில் எழுதும் முறையைக் கற்றுத்தருவதும் அவள்தான்.

அவளுடைய முதல் விதி, கோபமாக எழுதும்போது 'யாருக்கு' என்ற கட்டத்தைக் காலியாக வை. எழுதி முடி. எழுந்து போய் ஒரு டீ குடி. திரும்பி வந்து படி. அப்போதும் அனுப்பத் தோன்றினால் இன்னொரு டீ குடி.

இன்று அவள் டீ குடிக்கவில்லை. அண்ணனின் மெயிலுக்கே பதில் பொத்தானை அழுத்தியதால் கட்டமும் காலியாக இல்லை. எல்லா முகவரிகளும் வரிசையாக வந்து உட்கார்ந்து, பந்தியில் இலை போட்டதுபோலக் காத்திருந்தன.

"அப்பா ஒண்ணும் பீரோ இல்ல, ஆள் வச்சுத் தூக்கிட்டுப் போறதுக்கு. அவரைக் கேட்டியா? கேட்க மாட்டே. நீ உன் கல்யாணத்துக்கே அண்ணிக்கு நோட்டீஸ் அனுப்பினவன்தானே!"

அனுப்பினாள். மனசு லேசாயிற்று. பயிற்சி வகுப்புக்குப் போனாள்.

இங்கே அந்தக் குடும்பத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் யாரும் புதிய மெயில் எழுதுவதில்லை. நான்கு வருடங்களுக்கு முன், அப்பா வீட்டு ஃப்ரிட்ஜ் பழுதான அன்று, "ஃப்ரிட்ஜ் ஒழுகுது" என்ற தலைப்பில் ஒரு மெயில் வந்தது. அன்றிலிருந்து எது சொல்வதென்றாலும் அதற்கே பதில் போடுவார்கள். அக்கா மகன் பரீட்சையில் தேறியது "ஃப்ரிட்ஜ் ஒழுகுது". அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது "ஃப்ரிட்ஜ் ஒழுகுது". அம்மாவின் காரியத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்பதும், சொல்லவே வாய் கூசுகிறது, "ஃப்ரிட்ஜ் ஒழுகுது"தான். அந்த மெயிலின் அடிவரை உருட்டிப் பார்க்க நினைத்தால் கட்டைவிரல் ரேகை அழிந்துபோகும்.

அந்த முதல் மெயிலை எழுதியவள் யாரென்று நினைக்கிறீர்கள்? மெயில் எழுதக் கற்றுக்கொடுக்கும் மகராசியேதான்.

வகுப்பில் ஏழு பேர். சுவரில் பெரிய திரை; அதில் அவளுடைய கம்ப்யூட்டர் திரை விரிந்திருந்தது.

"சப்ஜெக்ட்ல 'வணக்கம்'னு போடாதீங்க. 'அவசரம்'னும் போடாதீங்க, எல்லாருக்கும் எல்லாமே அவசரம்தான். உள்ள என்ன இருக்கோ அதைப் போடுங்க. விஷயம் மாறினா புது மெயில். பழைய மெயிலோட வாலைப் பிடிச்சுக்கிட்டே போகாதீங்க. எத்தனை தடவை சொல்றது!"

ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள். அந்தக் கடைசிக் கேள்வி யாருக்கானது என்று அவளுக்கே தெரியவில்லை.

"மேடம், 'ரிப்ளை ஆல்' எப்ப போடணும்?" என்று கேட்டார், முன்வரிசையில் இருந்த தாடிக்காரர்.

"கூட்டத்துல நின்னு மைக் பிடிச்சுச் சொல்ல முடிஞ்ச விஷயம்னா மட்டும். அனுப்புறதுக்கு முன்னாடி அந்த லிஸ்ட்ல யார் யார் இருக்காங்கன்னு ஒவ்வொரு பேரா..."

திரையின் மூலையில் டிங் என்று ஒரு கட்டம் எழுந்தது. சுவரில் அது ஒரு கதவு அளவுக்கு இருந்தது.

'ஃப்ரிட்ஜ் ஒழுகுது. வணக்கம். நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நாலு வருஷமா நானும் இந்த மெயில்ல இருக்கேன்...'

வகுப்பு மொத்தமும் படித்தது.

"மேடம், இதுவும் பாடத்துலயா?" என்றார் தாடிக்காரர், நோட்டுப் புத்தகத்தைத் திறந்தபடி.

"பத்து நிமிஷம் இடைவேளை" என்றாள் சின்னவள். குரல் அவளுடையதாகவே இல்லை.

நடைபாதையில் தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, செல்போனில் மெயிலைத் திறந்தாள்.

"மேடம், சார், பெரிய மேடம் எல்லாருக்கும் வணக்கம். நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நாலு வருஷமா நானும் இந்த மெயில்ல இருக்கேன். அன்னைக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு என்னை மெயில்ல போட்டீங்க. சரி பண்ணிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் என்னை யாரும் எடுக்கல. மொதல்ல தப்பா வருதுன்னு நினைச்சேன். சார் மெயில் கீழ, உரியவர் இல்லைன்னா அழிச்சிடணும்னு போட்டிருக்கும். அழிக்கத்தான் நினைச்சேன். படிச்சுட்டு அழிக்கலாம்னு பார்த்தா, படிச்சப்புறம் அழிக்க மனசு வரல. என் வீட்டம்மா ராத்திரி சாப்பிடறப்ப, 'ஃப்ரிட்ஜ் வீட்ல இன்னைக்கு என்ன?'ன்னு கேட்டுட்டுத்தான் சோத்துல கை வைப்பாங்க. பெரிய மேடம் பையன் பாஸானப்ப நாங்க கேசரி கிண்டினோம்."

சின்னவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இது தப்புதான். மன்னிச்சுக்கோங்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்றேன். ஃப்ரிட்ஜுக்கு வந்தவன் நான் இதுல இருக்கேன். ஐயா இல்ல. அவர் விஷயத்தைத்தான் நாலு நாளா பேசறீங்க. ஐயா மெயில் பார்க்கிறவர். சர்வீஸ் ரசீதை மெயில்லதான் அனுப்பச் சொல்வார். அதனால ஐயா ஐடியை இதுல சேர்த்திருக்கேன். இனிமே என்னை எடுத்துடுங்க. என் வீட்டம்மா வருத்தப்படுவாங்க, பரவாயில்ல."

அவள் கண் மேலே போயிற்று. முகவரி வரிசையின் கடைசியில், புதிதாகக் குடிவந்தவர்போல, அப்பாவின் முகவரி.

பிறகு கண் கீழே போயிற்று. மெக்கானிக்கின் வரிகளுக்கு அடியில் நான்கு வருட மெயிலும் ஒன்றுவிடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை மாத்திரை போடுவதற்கு முன் முழுதாகப் படிக்கிறவர். அவர் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது இது. அதில் ஒரு கமா விடமாட்டார்.

அவள் அவசரமாகக் கட்டைவிரலைத் திரையில் வைத்தாள். அண்ணன் எழுதியதை நினைத்தல்ல, அக்கா எழுதியதை நினைத்தல்ல. இரண்டு வருடத்துக்கு முன் அவள் எழுதியதை நினைத்து. உருட்டினாள். உருட்டினாள். இருந்தது.

"அப்பாவை ஒரு வாரம் வச்சுக்கிட்டதுல தலை வெடிச்சிடும்போல இருக்கு. ஷாம்பு பாட்டில் லேபிளைக்கூடத் திருத்தி வைக்கிறார். எப்ப கிளம்புவார்னு நாள் எண்ணிக்கிட்டிருக்கேன்."

போன் அடித்தது. அண்ணன்.

"யாருடி அந்த மெக்கானிக்கை உள்ள விட்டது?"

"நான்தான். நாலு வருஷமா உன் கண்ணுக்கு முன்னாடிதானே அந்த ஐடி இருந்தது, நீ பார்க்கலயா?"

"அது உன் அத்தானோட இன்னொரு ஐடின்னு நினைச்சேன்!"

"'கூல்' அப்படின்னு ஆரம்பிக்குது. நம்ம அத்தான் என்னைக்குக் கூலா இருந்திருக்காரு?"

"கவலைப்படாதே. நான் என் மெயில் எல்லாத்தையும் ரீகால் கொடுத்துட்டேன்."

"ஐயோ அண்ணா! எத்தனை?"

"முப்பத்தொன்பது."

சின்னவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கறந்த பால் மடி புகுமா? ரீகால் உங்க ஆபீசுக்குள்ளதான் வேலை செய்யும். வெளிய இருக்கிறவங்களுக்கு, 'இன்னார் இந்த மெயிலைத் திரும்ப வாங்க ஆசைப்படுறார்'னு முப்பத்தொன்பது கடிதாசு போகும். எதைப் படிக்கக் கூடாதோ அதுக்கு நீயே மெக்கானிக்குக்கு லிஸ்ட் போட்டுக் கொடுத்திருக்கே."

சிமென்ட் இறுகும் சத்தம் கேட்காது என்பார்கள். அன்று போனில் அவளுக்குக் கேட்டது.

அதற்குள் அக்காவின் மெயில் வந்து விழுந்தது. அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, எழுத்திலும் விசில்தான். மொத்த மெயிலும் சிவப்பு, ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் பருமன். "அப்பா!!!! இதைப் படிக்காதீங்க!!!!" அதுவும் எல்லோருக்கும். மெக்கானிக்குக்கும்.

சின்னவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றது.

அண்ணனை மறுபடி அழைத்தாள். "அண்ணா, வண்டியை எடுத்துக்கிட்டு வா. போகலாம்."

"எனக்கு மூணு மணிக்கு மீட்டிங்."

"அஞ்சு மணிக்கு உன் கெடு முடியுது. அதுக்குள்ள அப்பா முன்னாடி போய் நிக்கலைன்னா, அதுக்கப்புறம் நாம அந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது. யோசிச்சுக்கோ."

அண்ணன் வந்தான்.

வண்டி கிளம்பியது. அக்கா இருப்பது எட்டு மணிநேரப் பயணத் தொலைவில். அவள் போனில் வந்து, முன்கண்ணாடிக்குக் கீழே ஸ்பீக்கரில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் அப்பாவுக்குக் காது மந்தம்னு எழுதியிருக்கேன். அது பரவாயில்லதானே?"

"பரவாயில்லக்கா. உனக்கு அதைவிட மோசமா ஒண்ணு இருக்கு. அப்பா வச்ச ரசத்தைப் பத்தி."

"ஐயையோ."

அண்ணன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "அண்ணிக்கு நான் நோட்டீஸ் அனுப்பினதை உனக்கு யார் சொன்னது?"

"அண்ணிதான். ஃப்ரேம் போட்டு வச்சிருக்காங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "எனக்கு நேர்ல சொல்ல வராதுடி. அப்பா படியில தடுக்கினார்னு கேட்டதும் பயந்துட்டேன். பயந்தா எனக்கு மெயில்தான் எழுத வரும்."

சின்னவள் அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். அந்த வீட்டில் அதற்கு, மன்னித்தாயிற்று என்று அர்த்தம்.

நாலே கால் மணிக்கு அப்பாவின் வீட்டு வாசலில் நின்றார்கள். கதவு ஒருக்களித்திருந்தது.

அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. முன்னால் ஒரு கட்டுத் தாள். தெருமுனைக் கடையில் கொடுத்து மொத்தத்தையும் அச்செடுத்திருந்தார். கையில் சிவப்புப் பேனா. போன் தள்ளி, ஜன்னல் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது.

"உட்காருங்க. இன்னும் ரெண்டு பக்கம்தான்."

உட்கார்ந்தார்கள். சின்னவள் ஸ்பீக்கரோடு அக்காவை மேஜைமேல் வைத்தாள். எட்டு மணிநேரத் தொலைவிலிருந்து அக்கா மூச்சு விடுவது கேட்டது.

அப்பா பேனாவை மூடினார்.

"அறுபத்திரண்டு பக்கம். நல்லாத்தான் எழுதறீங்க. பெரியவனே, 'பதில் வராவிட்டால் சம்மதம்'னு போட்டிருக்கே. என்னைக் கேட்டிருந்தாத்தானே நான் பதில் சொல்லாம இருக்க முடியும்?"

"தப்புதான்ப்பா" என்றான் அண்ணன். இந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டவர்கள் இந்த உலகத்தில் கிடையாது. அக்கா போனிலேயே "ஆ" என்றாள்.

"சின்னவளே, உங்க அக்காவுக்கு ஒண்ணு சொல்லணும். காது மந்தமெல்லாம் இல்ல. அவ பேசறப்ப மட்டும் அப்படி வச்சுக்குவேன்."

"அப்பா!"

"பார்த்தியா, இதுதான்."

பிறகு அப்பா ஒரு தாளை உருவி, சின்னவள் பக்கம் திருப்பி வைத்தார். அவளுக்கு அதைப் பார்க்கத் தைரியமில்லை. அந்த மூன்று வரிகள் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே சிவப்பு மையில் ஏதாவது இருந்தால் செத்தோம் என்று நினைத்தாள்.

"படிச்சதும் ஒரு மாதிரிதான் இருந்தது" என்றார் அப்பா. "இல்லைன்னு சொன்னா பொய். எழுந்து போய் நாலு தெரு நடந்துட்டு வந்தேன். அப்புறம் இன்னொரு தடவை படிச்சேன்."

"அப்பா, நான் அன்னைக்கு..."

"இரு. நான் திருத்தறதுக்குப் பேனாவை வச்சேன், ஒண்ணும் கிடைக்கல. எல்லாம் உண்மை. ஷாம்பு பாட்டிலைத் திருத்தினேன். உன் தலை வெடிச்சிருக்கும். எனக்கும்தான் வெடிச்சுது. ஃபேன் போடாதே, ஜன்னலைத் திறக்காதே, சாக்ஸ் போட்டுக்கோன்னு காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் என்னை மேய்ச்சுட்டே இருந்தே. நானும் நாள் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். எழுதி வைக்கல, அவ்வளவுதான் வித்தியாசம்."

சின்னவள் நாற்காலியை நகர்த்தி வந்து அப்பாவின் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அதே கைதான் படியில் தடுக்கியதில் சிராய்த்த கை. "ஸ்" என்றார். ஆனால் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

"மணி என்ன?" என்று கேட்டார் கொஞ்சம் கழித்து.

"நாலு அம்பது."

"பத்து நிமிஷம் இருக்கு. ஆட்சேபணை இருந்தா சொல்லணும், இல்லையா? சொல்றேன். இந்த வீட்டைப் பூட்ட எனக்குச் சம்மதமில்ல. உன் வீட்டுக்கும் வரல, பெரியவ வீட்டுக்கும் போகல, சின்னவ வீட்டுக்கு நிச்சயமா இல்ல."

"சரிப்பா" என்றான் அண்ணன் உடனே. பிறகு, மேலாளர் இல்லையா, மனசு கேட்கவில்லை. "காரணம் ஏதாவது..."

அப்பா தாள்களைத் தட்டி அடுக்கினார். அடுக்கியதையே இன்னொரு தடவை அடுக்கினார். முப்பத்தாறு வருடம் பிறர் எழுத்தில் பிழை பார்த்த மனிதர், தன் வாயில் வர வேண்டிய ஒரு வாக்கியத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தவிப்பதைச் சின்னவள் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தாள்.

"அதை மெயில்ல எழுதலாமான்னு காலையிலேர்ந்து யோசிச்சேன்" என்றார். "வேண்டாம், நேர்ல சொல்றதுதான் மரியாதைன்னு தோணிச்சு. நானே உங்க மூணு பேரையும் ஞாயித்துக்கிழமை கூப்பிடறதாத்தான் இருந்தோம்."

"இருந்தோமா?" என்றது போன்.

அப்பாவின் காதுமடல் சிவந்தது. சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

சமையலறைக்குள்ளிருந்து, கண்ணாடி வளையல் குலுங்க, ஒரு பெண்குரல் நிதானமாகக் கேட்டது: "பிள்ளைங்களுக்கு டீயில சர்க்கரை எவ்வளவு போடணும்? நீங்களே சொல்றீங்களா, நான் வெளிய வந்து கேட்கட்டுமா?"